செங்கேணி பார்த்து வைத்த வண்டி

கடல் திட்டுக்குப்பத்தின் மணலையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு அம்மன் கோயில் வேப்பமரம் வரைக்கும் வந்து நாக்கை நீட்டிய வருஷத்தில், தெற்கே யாரோ அலைக்குத் தடுப்பாகக் கல் கொட்டியதால்தான் நம் கரை போயிற்று என்று சிலரும், அம்மனுக்கு ஏதோ மனத்தாங்கல் என்று சிலரும், இரண்டுமாகக்கூட இருக்கலாமே என்று மிச்சம் பேரும் சொல்லிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், ஒரு பொம்பளையின் வயிற்றெரிச்சல் ஊரில் இருந்த அத்தனை ஃபைபர் போட்டையும் இழுத்துக்கொண்டு போயிற்று. கயிறெல்லாம் இல்லை, கண்ணால்தான். சந்தேகம் இருப்பவர்கள் திட்டுக்குப்பத்துக்கே போய்க் கேட்டுக்கொள்ளட்டும். அங்கே யாரும் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள், அந்த வருஷம் சங்கரா மீன் எவ்வளவு பட்டது என்பதைத்தான் வாயைப் பிளந்துகொண்டு சொல்வார்கள்.

கரை போன பிறகு போட்டை இறக்க ஊரில் இடமில்லை. வடக்கே ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குப் போனால்தான் உண்டு, அதுவோ பக்கத்து ஊர்க்காரர்களின் கரை. இறக்கிக்கொள்ளுங்கள், ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு போட்டையும் இங்கே விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகையால் தினமும் விடிகிறபோது போட்டை ரெண்டு சக்கர ட்ரெய்லரில் ஏற்றி, தார் ரோட்டோடு இழுத்துப் போய் இறக்கி, கடலுக்குப் போய் வந்து, திரும்பவும் ஏற்றி இழுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு ஒரு சின்ன லாரியாவது வேண்டும். புது லாரி வாங்கும் வசதி ஊரில் ஒருத்தருக்கும் இல்லை. பழசுதான், அதிலும் கைக்கு அடங்கின பழசு, நடுரோட்டில் மாடு மாதிரி படுத்துக்கொள்ளாத பழசு. அப்படி ஒன்று எங்கே கிடைக்கும் என்பதுதான் அப்போது டீக்கடையிலும் குழாயடியிலும் சாவு வீட்டிலும் பேச்சு.

செங்கேணி தலையில் அன்னக்கூடை வைத்துப் பஸ் ஏறி டவுனில் மீன் விற்கிறவள். அவள் புருஷன் தேசிங்கு சாது, சத்தம் போட்டுப் பேசினால் தனக்கே தொண்டை வலிக்கும் என்கிற மாதிரி பேசுகிற ஆள். ஒட்டினாற்போல் பக்கத்து வீடு அவனுடைய அண்ணன் காத்தவராயனுடையது. காத்தவராயனின் பெண்டாட்டி பூரணி, செங்கேணிக்கு ஓரகத்தி, அவளும் மீன்காரிதான். இந்தப் பூரணியின் மேல் செங்கேணிக்கு எரிச்சல் என்று சொன்னால் அது ரொம்பக் குறைத்துச் சொல்வதாகும். கல்யாணமாகி வந்த அன்றைக்குப் பூரணியின் ஜடை நீளத்தைப் பார்த்து ஆரம்பித்தது அது. பிறகு பூரணி வீட்டுக்கு மாடி வந்தது, மாடிக்குப் படி வந்தது, படிக்குப் பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடி வந்தது, ஒவ்வொன்று வரும்போதும் செங்கேணிக்கு அடிவயிற்றில் அடுப்பு மூட்டினாற்போல் எரியும், மோர் குடித்தாலும் அடங்காது. அவளுக்குள்ளே இன்னொரு ஏக்கமும் இருந்தது, அதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. தன்னிடம் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பார்த்து, என்றைக்காவது ஒரு நாள், யாராவது ஒருத்தி இப்படி வயிறெரிய மாட்டாளா என்பதே அந்த ஏக்கம்.

பூரணியோ இவள் வீட்டில் எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுளிப்பாள். குழம்பா, உப்பு தூக்கல். புடவையா, சாயம் போயிடும். தினமும் சாயங்காலம் பஸ் வருகிற நேரத்துக்குத் தேசிங்கு ஸ்டாப்பில் வந்து நின்று, செங்கேணி இறங்கினதும் அவள் தலையிலிருந்து கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடப்பான், அதே பஸ்ஸில் வந்து இறங்குகிற பூரணி அதைப் பார்த்துவிட்டு, இப்படி வந்து நிக்கிறானே, இதெல்லாம் ஒரு ஆம்பளையா என்று காதில் விழுகிற மாதிரியே சொல்லிக்கொண்டு போவாள். செங்கேணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

வண்டி தேடிப் போனது செங்கேணிதான். தேசிங்கைக் கூட்டிக்கொண்டு பைபாஸ் ரோட்டில் பழைய வண்டி விற்கிற இடம் ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கினாள். அவளுக்கு இஞ்சின் தெரியாது, மீன் தெரியும். ஏலத்தில் மீனைச் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல பானெட்டைத் தூக்கி உள்ளே முகர்ந்தாள், பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பது போல டயரை அழுத்திப் பார்த்தாள், புது பெயிண்ட் அடித்த வண்டிகளையெல்லாம் ஐஸ் போட்டு மினுக்கின மீன் என்று ஒதுக்கினாள். கடைசியாக வண்டிக்கு அடியில் குனிந்து அடிச்சட்டமான சேஸில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தால் அது கடற்கரையில் ஓடின வண்டி, உள்ளுக்குள்ளே துரு தின்றிருக்கும், வேண்டாம். இப்படி நக்கி நக்கி ஒரு நாளெல்லாம் திரிந்து, வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு வண்டியின் சேஸில் அவள் நாக்குக்கு மஞ்சள் தட்டுப்பட்டது. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் மூட்டை ஏற்றின வண்டி, கடலையே பார்க்காதது, முதல் சாவியிலேயே கிளம்பியது, பின்னால் கொக்கி மாட்ட இரும்பு கனமாக இருந்தது, விலையும் கைக்கு அடங்கினது. அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், ஆனால் அம்மனிடம் பூக்கேட்காமல் திட்டுக்குப்பத்தில் யாரும் வண்டியும் வாங்குவதில்லை, பெண்ணும் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் தலையிலிருந்து வலப்பக்கம் பூ விழட்டும், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று தரகரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

குழாயடியில் பூரணி கேட்டாள், போன காரியம் என்னாச்சு என்று. கேட்டால் என்ன சொல்வது? வாங்கப் போகிற மீனை ஏலத்தில் எந்த மீன்காரியாவது நல்ல மீன் என்று சொல்லுவாளா? கண்ணு செவந்திருக்கு, வயிறு ஒடஞ்சிருக்கு, பூனைக்குத்தான் போடணும் என்று நாலு பேர் காதில் விழத் திட்டிவிட்டுத்தான் கை நீட்டுவாள். அந்தப் பழக்கத்தில் செங்கேணி உதட்டைப் பிதுக்கி, ஒண்ணே ஒண்ணு பாத்தோம்க்கா, மஞ்ச மூட்டை ஏத்துன ஓட்டை வண்டி, அதெல்லாம் ஒரு வண்டியா என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பூரணியும் அதே ஏலத்தில் அதே வாயோடு நிற்கிறவள். செங்கேணி இவ்வளவு திட்டினால் அது எவ்வளவு நல்ல வண்டியாக இருக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலமே, அம்மனிடம் பூக்கூடக் கேட்காமல், காத்தவராயன் வண்டியோடு தெருவில் திரும்பினான்.

பூசை போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் சூடம் கொளுத்தி, ஊரையே கூப்பிட்டுப் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் கொடுத்தார்கள். செங்கேணி வரக்கூடாது என்றுதான் இருந்தாள், வராவிட்டால் வயிறெரிகிறாள் என்று பேசுவார்களே என்று வந்தாள். வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று, மாலை போட்டுக்கொண்டு நிற்கிற அந்த வண்டியை, தான் நாக்கால் தொட்டுத் தேர்ந்தெடுத்த வண்டியை, நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். இஞ்சின் ஓடவில்லை, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. வண்டி அசைந்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, கூட்டம் விலகி வழிவிட, நேராகச் செங்கேணியைப் பார்த்து வந்தது. அவள் பயந்து கண்ணைத் தாழ்த்தினாள். அதுவும் நின்றது.

அடேங்கப்பா என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. செங்கேணிக்குப் பொல்லாத கண் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி, அவள் பார்த்து ஒரு முருங்கை மரம் ஒடிந்திருக்கிறது, ஒரு பால்மாடு காம்பு வற்றியிருக்கிறது. அந்தக் கண்ணுக்கு இழுக்கவும் வரும் என்பது மட்டும்தான் புதுசு. பூசாரி சூடத்தட்டை அணைய விடாமல் வண்டி நின்ற புது இடத்துக்கு எடுத்துப் போய் மிச்சப் பூசையை முடித்தார்.

ஆனால் அதற்கப்புறம் காத்தவராயனால் அந்த வண்டியை ஊருக்குள் ஓட்ட முடியவில்லை. வடக்கே கிளப்பினால், செங்கேணி வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தால் போதும், வண்டி உறுமிக்கொண்டே தெற்கே வரும். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, அவள் கண்ணில் படாமல் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே கல் வைத்தான். மூடி வைத்த வண்டி எந்தப் போட்டை இழுக்கும்? பஞ்சாயத்தில் பிராது வைத்தான். பஞ்சாயத்துத் தலைவர் இளஞ்சியப்பன் ரெண்டு பக்கமும் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ரொம்பச் சாதாரணமாகத் தீர்ப்பு சொன்னார். வண்டியை நிறுத்தினது எந்தக் கண்ணோ, வண்டி செய்ய வேண்டிய வேலையை அந்தக் கண்ணே செய்யட்டும். இழுத்துவிடுகிற ஒவ்வொரு போட்டிலும் அவளுக்கு ஒரு பங்கு மீன்.

மறுநாள் விடிகிறபோது முதலில் காத்தவராயன் போட்டைத்தான் கொண்டு வந்து நிறுத்தினார்கள். தேசிங்கு மொபெட்டை ஓட்ட, செங்கேணி பின்னால் திரும்பி உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போட்டைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் பூரணியின் பெயர் பச்சை பெயிண்டில் எழுதியிருந்தது. தேசிங்கு தன் போட்டில் பெண்டாட்டி பெயரை எழுதத் தோன்றாத ஆள். அதைப் பார்த்ததும் அடுப்பு பற்றிக்கொண்டது, ட்ரெய்லர் சக்கரம் உருண்டது. மொபெட் போக, எதிரில் கண்ணகலாமல் அவள் பார்க்க, கன்றுக்குட்டி மாதிரி போட்டு பின்னாலேயே வந்தது. முகத்துவாரத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு, டீசல் மிச்சம் என்று மட்டும் சொன்னார்கள்.

அதிலிருந்து திட்டுக்குப்பத்தின் வாழ்க்கையே தலைகீழாகிவிட்டது. அதுவரைக்கும் செங்கேணி தெருவில் வந்தால் புது ஃபிரிட்ஜின் மேல் பழைய புடவையைப் போர்த்தினவர்கள், பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைத்தவர்கள், மருமகள் முழுகாமல் இருப்பதை ஆறு மாதம் மறைத்தவர்கள், இப்போது எல்லாவற்றையும் வாசலில் பரப்பினார்கள். வயிறெரிந்தால்தானே போட்டு நகரும்? விடியற்காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நகை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். எங்க பெரிய பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருச்சு செங்கேணி, எங்க வூட்டுக்காரரு குடியை விட்டுட்டாரு செங்கேணி என்று போட்டை இழுக்கக் கொடுக்கிற நேரத்தில் அவள் காதில் போட்டார்கள், சிலது பொய்யாகவும் இருந்தது. கடைத்தெருவில் வண்டி திருஷ்டிக்கு மிளகாயும் எலுமிச்சையும் கோர்த்து விற்கிறவனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. லாரி தேடிப் பைபாஸ் ரோட்டில் அலைந்தவர்களும் அலைவதை விட்டார்கள்.

அஞ்சப்பன் என்று ஒருத்தன் இருந்தான், பெண்டாட்டி செத்துப்போனவன், கூரை ஒழுகுகிறவன், ஒட்டுப்போட்ட போட்டுக்காரன். அவன் போட்டு நகரவில்லை. செங்கேணி எவ்வளவோ முக்கிப் பார்த்தாள், அவனிடம் என்ன இருக்கிறது எரிய? அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான், ஊர் முன்னால் ஒரு ஆளுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. ராத்திரியில் என்னதான் பண்ணுவாய் என்று சும்மா கேட்டாள். படுத்தா தூங்கிடுவேன், விடியிறது கூடத் தெரியாது என்றான் அஞ்சப்பன். பூரணியின் கைப்பிடியை நினைத்து நினைத்து வருஷக்கணக்கில் புரண்டு படுத்தவள் செங்கேணி. அவன் போட்டு அன்றைக்கு ஓடின ஓட்டத்தில் மொபெட்டால் முன்னால் போக முடியவில்லை. அதற்கப்புறம் அஞ்சப்பன் நிமிர்ந்து நடந்தான்.

இப்படி ஊர்ப் போட்டையெல்லாம் இழுத்தவளுக்கு ஒரே ஒரு போட்டு மட்டும் நகரவில்லை. அது அவளுடையது. தன் சொந்தப் போட்டைப் பார்த்து யாருக்கு வயிறெரியும்? எல்லாப் போட்டும் முகத்துவாரத்துக்குப் போன பிறகு, வேப்பமரத்தடியில் அவள் போட்டு மட்டும் ட்ரெய்லரில் கிடக்கும். ஆரம்பத்தில் நாலு பேர் கைகொடுத்துத் தள்ளினார்கள், தார் ரோட்டில் அவ்வளவு தூரம் தினமும் யார் தள்ளுவார்கள்? பங்கு மீன் வந்ததே, அது போதாதா என்று கேட்கலாம். போதும், சோற்றுக்குப் போதும். ஆனால் தேசிங்கு போட்டுக்காரன். போட்டு கரையில் கிடக்க, அவன் அண்ணன் போட்டில் கூலியாளாக ஏறினான். காத்தவராயன் போட்டின் மூக்கான அணியத்தில் நின்று அதட்ட, தேசிங்கு வலையை இழுத்தான். அவன் அதை ஒரு குறையாகவே சொல்லவில்லை. அதுதான் செங்கேணியால் தாங்க முடியவில்லை. பூரணி வீட்டுக் கூலிக்காரன் பெண்டாட்டி என்று ஆகிவிட்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஐப்பசி மழைக்கு முன் போட்டு நகர வேண்டும், நகராவிட்டால் வேப்பமரத்தோடு சேர்த்துக் கடல் அதையும் கொண்டுபோகும், அப்புறம் அவன் ஆயுசுக்கும் கூலிதான்.

தார்ப்பாயை எடுத்துவிட்டு வண்டியைக் கொடு என்று கேட்டால் அண்ணன் கொடுக்க மாட்டானா, நீ ஒரு வார்த்தை பூரணி அண்ணியிடம் கேள் என்றான் தேசிங்கு. செங்கேணி சீறினாள். நான் பார்த்து வைத்த வண்டியை நானே போய்ப் பிச்சை கேட்கவா? அந்த வண்டியில் என் போட்டைக் கட்டுவதும் என் கழுத்தில் கயிறு கட்டுவதும் ஒன்றுதான் என்றாள். வேறு வண்டி பார்க்கலாம் என்று திரும்பவும் பைபாஸ் ரோட்டுக்குப் போனார்கள், சேஸ் சேஸாக நக்கினாள், எல்லாம் கரித்தது. ஒன்று கரிக்கவில்லை, ஆனால் கிளம்பவும் இல்லை. நல்ல வண்டி ஊருக்கு ஒன்றுதான் வரும் போலிருக்கிறது, அதுவும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

கடைசியில் இளஞ்சியப்பன் ஒரு யோசனை சொன்னார். கண் என்பது எல்லாருக்கும் உண்டு, செங்கேணிக்குக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஊரே அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறது, ஆளாளுக்கு வந்து அவள் போட்டைப் பார்க்கட்டும், யார் கண்ணிலாவது நகரும். ஞாயிற்றுக்கிழமை ஊர் வேப்பமரத்தடியில் வரிசை கட்டியது. ஒவ்வொருத்தராக வந்து நின்று பார்த்தார்கள், நிஜமாகவே முயன்று பார்த்தார்கள், பல்லைக் கடித்தார்கள், மூச்சைப் பிடித்தார்கள். அசையவில்லை. சிலர் செங்கேணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டே போனார்கள். ஊரே பார்த்தும் பொறாமைப்பட ஒன்றுமில்லாத வாழ்க்கை என்று அவளுக்கு நாலு பேர் முன்னால் முத்திரை குத்தினது போலாயிற்று. இதற்கு அந்தப் போட்டைக் கடலே கொண்டுபோயிருக்கலாம் என்று நினைத்தாள்.

கடைசி ஆளாகப் பூரணி வந்தாள். வர மாட்டேன் என்றவளைக் காத்தவராயன் ஊர்க் கட்டுப்பாடு என்று அனுப்பியிருந்தான். வந்தவள் இடுப்பில் கை வைத்து, போட்டை மேலும் கீழும் பார்த்து, வழக்கம் போல மூக்கைச் சுளித்தாள்.

"இதுல பாக்க என்னாடி இருக்குது? ஒட்டுப்போட்ட போட்டு, ஒழுகுற அடி. எனக்கு இது எதுக்கு?"

போட்டும் அசையவில்லை. பூரணி திரும்பவும் ஒரு தரம் பார்த்துவிட்டு, அவ்வளவுதான் என்று கையை விரித்தாள். கூட்டம் கலையத் தொடங்கியது. செங்கேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது தேசிங்கு, எங்கேயாவது ஒரு வேலை செய்துகொண்டிருந்தால் தேவலை என்கிற மாதிரி, முந்தின நாள் மழைத் தண்ணீரை இறைத்து ஊற்றலாம் என்று ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு போட்டில் ஏறினான். ஏறினவன், மரத்துக்கு வெளியே வெயிலில் அழுதுகொண்டு நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்து, "வெயில்ல நிக்காத செங்கேணி, நெழலுக்குப் போ" என்றான்.

போட்டு நகர்ந்தது.

ட்ரெய்லர் சக்கரம் மண்ணில் கொரகொரவென்று உருண்டு, தேசிங்கு சட்டியோடு தடுமாறி உட்கார, போட்டு நேராகப் பூரணியைப் பார்த்துப் போயிற்று. பூரணி பின்வாங்கினாள், அதுவும் விடாமல் வந்தது. அவள் கண்ணை மூடின பிறகுதான் நின்றது. பூரணியின் முகம் கருத்துப்போயிற்று. பெண்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது, ஆண்களில் காத்தவராயனுக்கு மட்டும் புரிந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று தலைக்கூடையை வாங்குகிற ஒரு மனுஷன், வெயிலில் நிற்காதே என்று சொல்கிற ஒரு மனுஷன். மாடிக்கும் கைப்பிடிக்கும் ஜடைக்கும் நடுவில் ஒருநாள்கூடப் பூரணிக்கு அது வாய்க்கவில்லை.

செங்கேணிக்கு அப்போதுதான் விளங்கியது. இதெல்லாம் ஒரு ஆம்பளையா, இதெல்லாம் ஒரு ஆம்பளையா என்று தினமும் சாயங்காலம் காதில் விழுந்ததே, அது ஏலத்தில் நிற்கிற மீன்காரியின் பேச்சு என்று இத்தனை காலம் தனக்குத் தெரியாமல் போயிற்றே! தான் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்று, தன் பொருளைப் பார்த்து ஒருத்தி வயிறெரிய வேண்டும் என்பது, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கமே இவ்வளவு நாளாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் தினமும் தேசிங்கு தன் போட்டில் ஏறி உட்கார, பூரணி ஊர்க் கட்டுப்பாட்டுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபடியே முன்னால் போக, போட்டு முகத்துவாரத்துக்குப் போய் வந்தது. தேசிங்கு கூலிக்கு ஏறுவது நின்றது. ஆனால் எரிச்சல் குறையாமல் இருந்தால்தானே அடுத்த நாளும் போட்டு நகரும்? செங்கேணி அதைக் கெட்டிக்காரத்தனமாகக் கவனித்துக்கொண்டாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பூரணி இறங்குகிற வரைக்கும் காத்திருந்து, அவள் பார்க்கிற நேரமாகப் பார்த்து, மெதுவாக, சாமி சிலையை இறக்குகிற மாதிரி, கூடையைத் தேசிங்கின் தலைக்கு மாற்றினாள். கழுத்து வலிக்குது என்று வேறு சொன்னாள். பூரணி திட்டக்கூடத் திட்டாமல், தன் கூடையோடு தனியாக நடந்து போனாள். செங்கேணிக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

ஐப்பசி பிறந்து முதல் தூறல் போட்ட ஒரு சாயங்காலம், பஸ் வந்து நின்றபோது, ஸ்டாப்பில் தேசிங்குக்குப் பக்கத்தில் மஞ்சள் வாசனை அடித்துக்கொண்டு அந்த வண்டி நின்றது. தார்ப்பாய் இல்லை. காத்தவராயன் கீழே இறங்கி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பழக்கமில்லாத கையால், பூரணியின் தலையிலிருந்து கூடையை வாங்கினான். வாங்கத் தெரியாமல் மீன் தண்ணீரைச் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டான். பூரணி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் செங்கேணிக்குத் திக்கென்றது. இனிமேல் இவளுக்கு எதற்கு வயிறெரியப் போகிறது? நாளைக்குக் காலையில் போட்டு நகராதே, திரும்பவும் தேசிங்கு கூலிக்குத்தானே போக வேண்டும்?

பூரணி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். காத்தவராயன் வண்டியைக் கிளப்பினான், முதல் சாவியிலேயே கிளம்பியது, செங்கேணி தேர்ந்தெடுத்த மாதிரியே. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்ச நாளாக தணிந்து கிடந்த அடுப்பு குபுக்கென்று பற்றியது. மாடி, கைப்பிடி, வண்டி, இப்போது கூடை வாங்குகிற புருஷன், எல்லாம் பூரணிக்கே. பார்த்தாள். காத்தவராயன் கியரைப் போட்டு அழுத்த அழுத்த, வண்டி உறுமிக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு, தூறலில் பின்பக்கமாகவே உருண்டு வந்து, செங்கேணியின் கால்மாட்டில் நின்றது. முன்னால் போக மாட்டேன் என்றது.

பூரணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"நனையாதடி" என்றாள் பூரணி. "ஏறு."

தேசிங்கு ரெண்டு கூடையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினான். செங்கேணி தயங்கித் தயங்கி முன்சீட்டில், பூரணிக்குப் பக்கத்தில், ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளேயே உட்கார்ந்திருக்கிறவளின் கண் வண்டியை எங்கே என்று இழுப்பது? வண்டி பேசாமல் முன்னால் போனது. மழை கண்ணாடியில் அடித்தது. செங்கேணி டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தாள், கதவின் ரப்பரை அழுத்திப் பார்த்தாள், பின்பக்கக் கண்ணாடி வழியாக அந்தக் கனமான இரும்புக் கொக்கி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். கேட்டுவிடலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, அந்த வார்த்தை வாயில் உருவாகவே இல்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"இதெல்லாம் ஒரு வண்டியாக்கா?" என்றாள். "ஓட்டை வண்டி."

பூரணி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குக் காலைல வண்டியில மொதல்ல தம்பி போட்டக் கட்டு" என்றாள்.